லேப்டாப்பில் பாட்டு ரெக்கார்ட் செய்யும்போது நடுவே சத்தம் அறுந்து போவது ஏன்? எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ஊரில் இருக்கும் பாட்டி, தன் அம்மாவிடம் கேட்டுக் கற்ற தாலாட்டைப் பாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேத்தி லேப்டாப்பில் மைக்கைச் செருகி, ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். ஏழு நிமிடப் பாட்டு. முடிந்ததும் போட்டுக் கேட்டால் மூன்றாவது நிமிடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். நாலாவது நிமிடத்தில் ஒரு சொல்லில் பாதியைக் காணோம். "இன்னொரு தடவை பாடுங்க பாட்டி" என்றால் பாடத்தான் செய்வார். ஆனால் அந்தக் குரலும் அந்த நேரத்து நினைப்பும் இரண்டாவது முறை அப்படியே வராது.

இப்படி நடுநடுவே சத்தம் அறுந்து போவதற்கு 'டிராப் அவுட்' என்று பெயர். வீட்டிலேயே கவர் சாங் செய்பவர்கள், மாணவர்களின் பாட்டைப் பதிவு செய்து வைக்கும் சங்கீத ஆசிரியர்கள், பாட்காஸ்ட் நடத்துபவர்கள் என எல்லோரும் ஒருநாள் இதில் மாட்டியிருப்பார்கள். "லேப்டாப் பழசாயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் முடிவு. பல நேரங்களில் அது தேவையே இல்லை. கோளாறு ஒரு செட்டிங்கிலோ, ஒரு கேபிளிலோ, பின்னால் ஓடும் வைஃபையிலோ இருக்கும்.

அறுந்தது பதிவிலா, கேட்பதிலா?

எதையும் மாற்றுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அறுந்த இடத்தை மூன்று முறை போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் 'டப்' வேறு வேறு இடத்தில் வந்தாலோ, ஒருமுறை வந்து மறுமுறை வராமல் போனாலோ உங்கள் பதிவு பத்திரமாக இருக்கிறது. லேப்டாப் அதைத் திருப்பி ஒலிக்கும்போதுதான் தடுமாறுகிறது. அந்த ஃபைலை மொபைலுக்கு அனுப்பிக் கேட்டால் சுத்தமாக இருக்கும்.

மூன்று முறையும் அதே இடத்தில், அதே மாதிரி வந்தால் அது பதிவிலேயே விழுந்த ஓட்டை. அலை வடிவத்தை அந்த இடத்தில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். குரலின் அலை வளைந்து வளைந்து போகும். ஓட்டை விழுந்த இடத்தில் கத்தியால் வெட்டியது போல ஒரு செங்குத்துக் கோடு இருக்கும். அல்லது சின்னதாக ஒரு தட்டையான இடைவெளி இருக்கும். ஆடாசிட்டி மென்பொருள் இதைத் தானே கண்டுபிடித்து, பதிவு முடிந்ததும் எந்தெந்த இடத்தில் சத்தம் தொலைந்தது என்று லேபிள் போட்டுக் காட்டும். அந்த எச்சரிக்கையைப் பார்த்ததும் மூடிவிடுபவர்கள் அதிகம். அதுதான் முதல் துப்பு.

குழாயடியும் இரண்டு குடமும்

லேப்டாப் சத்தத்தைத் தொடர்ச்சியாக வாங்குவதில்லை. துண்டு துண்டாகத்தான் வாங்குகிறது. தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை மூட முடியாது, தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். இரண்டு குடம் இருக்கிறது. ஒன்று நிறைவதற்குள் இன்னொன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வர வேண்டும். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்து நிறுத்திவிட்டால் குடம் நிறைந்து தண்ணீர் ரோட்டில் ஓடும். ஓடிய தண்ணீரை அள்ள முடியாது. பதிவில் விழும் ஓட்டை இதுதான்.

குடத்தின் அளவுக்குத்தான் 'பஃபர் சைஸ்' என்று பெயர். ரெக்கார்டிங் மென்பொருளின் ஆடியோ செட்டிங்கில் 64, 128, 256, 512, 1024 என்று எண்கள் இருக்கும். ஒவ்வொரு குடத்திலும் எத்தனை சாம்பிள் என்பது அதன் பொருள். விநாடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில் பதிவு செய்யும்போது 256 வைத்தால், ஒரு குடம் நிறைய 5.3 மில்லி விநாடி ஆகும். அதாவது லேப்டாப் விநாடிக்கு 187 முறை ஓடிவந்து குடத்தை மாற்ற வேண்டும். 64 வைத்தால் 750 முறை. 1024 வைத்தால் 47 முறை ஓடினால் போதும், ஒவ்வொரு முறையும் 21 மில்லி விநாடி அவகாசம் கிடைக்கும்.

சின்னக் குடம் என்றால் ஓட்டம் அதிகம், தவறும் வாய்ப்பும் அதிகம். பெரிய குடம் என்றால் நிம்மதி, ஆனால் தண்ணீர் வீட்டுக்கு வர நேரமாகும். பாடுபவர் ஹெட்போனில் தன் குரலைக் கேட்கும்போது அது தாமதமாக வந்து சேரும். உள்ளே வர ஒரு பஃபர், வெளியே போக ஒரு பஃபர் என இரண்டு முறை இந்தத் தாமதம் சேரும். 256-ல் சுமார் 11 மில்லி விநாடி, அதோடு கருவியின் சொந்தத் தாமதமும் உண்டு. சத்தம் காற்றில் ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆக, 11 மில்லி விநாடி என்பது மிருதங்கக்காரரிடமிருந்து நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் உட்கார்ந்து கேட்பது போலத்தான். வாத்தியக்காரர்கள் இதைச் சமாளித்துவிடுவார்கள். பாடுபவர்களுக்குத்தான் சிரமம். தங்கள் குரல் மண்டையோட்டு வழியாக உடனே கேட்டுவிடும், ஹெட்போனில் கொஞ்சம் கழித்து இன்னொரு முறை கேட்கும்.

இந்தத் தாமதம் பிடிக்காமல்தான் பலர் பஃபரைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். அங்கேதான் டிராப் அவுட் ஆரம்பிக்கிறது.

பஃபரைக் குறைக்காமலேயே தாமதத்தைத் தவிர்க்கலாம்

பெரும்பாலான ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் 'டைரக்ட் மானிட்டர்' என்று ஒரு பட்டனோ, திருகோ இருக்கும். அதைப் போட்டால் மைக்கில் வரும் குரல் லேப்டாப்புக்குள் போகாமல் கருவியிலிருந்தே நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். தாமதம் காதுக்குத் தெரியாது. பிறகு பஃபரை 512, 1024 என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம். மென்பொருளுக்குள் அந்த டிராக்கின் மானிட்டரை மறக்காமல் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குரல் இரண்டு முறை கேட்கும்.

குரலில் ரிவெர்ப் போட்டுக் கேட்டால்தான் பாட வரும் என்பவர்களுக்கு இந்த வழி கொஞ்சம் வறட்சியாகத் தெரியலாம். பழகிக்கொண்டால் நல்லது. டிராப் அவுட் பிரச்னையுடன் வருபவர்களில் பெரும் பகுதியினருக்கு இந்த ஒரு பட்டனும் 512 என்ற எண்ணும் போதும்.

இன்னொரு பழக்கம், பாடும்போதே மிக்சிங் செய்வது. ஏற்கெனவே இருபது டிராக், ஒவ்வொன்றிலும் நாலு ப்ளக்இன் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலில் புதிதாகக் குரலைப் பதிவு செய்வார்கள். மற்ற எல்லாவற்றையும் ஒரே ஸ்டீரியோ டிராக்காக வெளியே எடுத்து, புது ஃபைலில் அதை வைத்துக்கொண்டு பாடினால் லேப்டாப்பின் சுமை பாதிக்கு மேல் குறையும். 'ஃப்ரீஸ்' வசதி இருந்தால் அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

"டாஸ்க் மேனேஜர் 20 சதவீதம்தான் காட்டுது, அப்புறம் ஏன்?"

இது நியாயமான கேள்வி. டாஸ்க் மேனேஜர் காட்டுவது சராசரி. எல்லாக் கோர்களையும் சேர்த்து, ஒரு விநாடி முழுவதையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. ஆடியோவுக்கு வேண்டியதோ ஒவ்வொரு 5 மில்லி விநாடியும் தவறாமல் வந்து நிற்பது. நாள் முழுக்க சும்மா இருக்கும் ஆள், பஸ் வரும் அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் டீக்கடைக்குப் போய்விட்டால் பஸ்ஸை விட்டதுதான்.

விண்டோஸ், மேக் இரண்டும் இசைக்காக மட்டும் செய்யப்பட்டவை அல்ல. வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு, பேட்டரி எல்லாம் அவ்வப்போது "என்னைக் கவனி" என்று பிராசசரைக் கூப்பிடும். விண்டோஸில் இந்த அழைப்புகளுக்கான டிரைவர் வேலைகள், ரெக்கார்டிங் மென்பொருளுக்கும் முன்னால் வரிசையில் நிற்கும் உரிமை பெற்றவை. நன்றாக எழுதப்பட்ட டிரைவர் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிட்டு விலகிவிடும். மோசமாக எழுதப்பட்டது சில மில்லி விநாடிகள் அப்படியே பிராசசரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குள் குடம் நிறைந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க 'லேட்டன்சிமான்' என்ற மென்பொருள் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அதை ஓடவிட்டு, பதினைந்து இருபது நிமிடம் லேப்டாப்பை வழக்கம்போல் பயன்படுத்தினால், எந்த டிரைவர் எவ்வளவு நேரம் பிராசசரைப் பிடித்து வைத்தது என்று பெயரோடு பட்டியல் போடும். அடிக்கடி மாட்டுவது நெட்வொர்க் டிரைவரும், என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவரும், பேட்டரி நிலையைப் பார்த்துக்கொள்ளும் ஏசிபிஐ டிரைவரும்.

லேட்டன்சிமான் இறக்கிப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: பதிவு செய்யும் முன் வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிடுங்கள். ஏரோபிளேன் மோடில் போட்டாலே இரண்டும் போய்விடும். அதோடு டிராப் அவுட் நின்றுவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. வைஃபை டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதுப்பித்துப் பார்க்கலாம். அதற்கும் கேட்காவிட்டால், பதிவு நேரத்தில் மட்டும் அணைத்து வைப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. நடுவில் வாட்ஸ்அப் மெசேஜ் சத்தம் வராது என்பது கூடுதல் லாபம்.

சார்ஜரும் கத்திரி வெயிலும்

லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது பிராசசரின் வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைச் சேமிக்கும். பதிவு செய்யும்போது இந்தச் சிக்கனம் வேண்டாம். விண்டோஸ் செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' வையுங்கள். பழைய கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்று ஒன்று இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். சும்மா இருப்பதாக நினைத்து யூஎஸ்பி போர்ட்டைத் தூங்க வைக்கும் வசதி அது. மேக்கில் 'லோ பவர் மோட்' அணைந்திருக்க வேண்டும்.

சார்ஜரைப் போட்டால் வேறு ஒரு தொல்லை வருவதுண்டு. 'ங்ங்' என்று ஒரு இரைச்சல். இது டிராப் அவுட் இல்லை, மின்னிணைப்பில் எர்த் சரியில்லாததால் வருவது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றால் எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டில் மாட்டிப் பாருங்கள். வேறு வழியில்லாமல் பேட்டரியில்தான் ஓட்ட வேண்டும் என்றால் பஃபரை 1024 ஆக்கிவிடுங்கள்.

அடுத்தது சூடு. மே மாதம், ரூமில் ஃபேன் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று அதை நிறுத்தியாயிற்று, ஜன்னல் கதவுகளும் மூடியாயிற்று. லேப்டாப் மெத்தை மேல் இருக்கிறது, அடியில் காற்றுப் போகும் துளைகள் போர்வையில் புதைந்திருக்கின்றன. முதல் பத்து நிமிடம் எல்லாம் சரியாக இருக்கும். பிறகு பிராசசர் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அப்போதுதான் அறுபடல் தொடங்கும். "முதல் பாட்டு நல்லா வந்துச்சு, மூணாவது பாட்டுலதான் பிரச்னை" என்று யாராவது சொன்னால் சூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மரப்பலகை மேல் லேப்டாப்பை வைத்து, பின்பக்கம் சற்று உயர்த்திக் கொடுப்பதே பெரிய உதவி. பாட்டுக்குப் பாட்டு ஐந்து நிமிடம் ஃபேன் போடுவது பாடுபவருக்கும் நல்லது.

"இதே கேபிளில் பென் டிரைவ் எல்லாம் காப்பி ஆகுதே!"

கேபிளைச் சந்தேகிக்கச் சொன்னால் பலர் சொல்லும் பதில் இது. ஆனால் யூஎஸ்பியில் ஃபைல் போகும் விதம் வேறு, சத்தம் போகும் விதம் வேறு. பென் டிரைவுக்கு ஃபைல் போகும்போது ஒரு துண்டு கெட்டுப்போனால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். காப்பி ஆகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். ஆடியோவுக்கு அந்த வசதி கிடையாது. நேரத்துக்கு வருவதே முக்கியம் என்பதால் திரும்பக் கேட்கும் ஏற்பாடு இல்லாமலேயே அனுப்பப்படுகிறது. கெட்ட துண்டு கெட்டதுதான். அதனால் பென் டிரைவுக்கு நன்றாக வேலை செய்யும் சுமாரான கேபிள், ஆடியோவுக்குக் காலை வாரிவிடும்.

இன்டர்ஃபேஸை லேப்டாப் போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். மவுஸ், கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் தொங்கும் யூஎஸ்பி ஹப்பில் வேண்டாம். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் தரும் கருவிகள் மின்சாரத்தையும் அதே யூஎஸ்பி வழியாகத்தான் எடுக்கின்றன. சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். அதை ஹப்பில் நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டால் கருவி தடுமாறி, சில நேரம் இணைப்பே அறுந்து மறுபடி சேரும். ஒரு பக்கப் போர்ட்டில் பிரச்னை என்றால் மறுபக்கப் போர்ட்டில் மாற்றிப் பாருங்கள். கேபிளை லேசாக அசைக்கும்போது சத்தம் விட்டு விட்டு வந்தால் யோசிக்காமல் மாற்ற வேண்டியது அந்தக் கேபிளைத்தான்.

காலர் மைக் எனப்படும் வயர்லெஸ் மைக் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. பல மாடல்கள் வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்பவை. பாடுபவர் திரும்பி நின்றால் உடம்பே சிக்னலை மறைக்கும். யூஎஸ்பி 3.0 சாதனங்களும் இந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பக்கூடியவை. ரிசீவரை லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே செருகியிருந்தால் தள்ளி வையுங்கள். இந்த வகை அறுபடலுக்குப் பஃபரை எவ்வளவு ஏற்றினாலும் பலன் இருக்காது.

எந்த டிரைவர் வழியாக ஓடுகிறது?

விண்டோஸில் இது முக்கியம். சாதாரணமாகச் சத்தம் கேட்பதற்காக வைத்திருக்கும் பழைய வழியில் பதிவு செய்தால் தாமதமும் தடுமாற்றமும் அதிகம். ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த 'ஏசியோ' என்ற முறைதான் இன்றும் விண்டோஸில் இசைப் பதிவுக்கான பொதுவழி. இன்டர்ஃபேஸ் வாங்கியவர்கள் அதைச் செருகியதும் விண்டோஸ் தானே கண்டுகொண்டது என்று நிறுத்திவிடாமல், தயாரிப்பாளரின் தளத்துக்குப் போய் அந்த மாடலுக்கான ஏசியோ டிரைவரை இறக்கிக்கொள்ள வேண்டும். 'ஏசியோ ஃபார் ஆல்' என்ற இலவச மென்பொருள், சொந்த டிரைவர் இல்லாத கருவிகளுக்கும் லேப்டாப்பின் உள் மைக்குக்கும் உதவும். சொந்த டிரைவர் இருக்கும்போது அதை விட்டுவிட்டு இதைப் போடுவது தேவையில்லாத சுற்றுவழி. ஆடாசிட்டி மட்டும் பயன்படுத்துபவர்கள் ஆடியோ ஹோஸ்ட் பட்டியலில் 'வாசாபி'யைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். மேக்கில் 'கோர் ஆடியோ' உள்ளேயே இருப்பதால் இந்த அலைச்சல் இல்லை.

கடிகாரம் தவறாமல் 'டிக்... டிக்...' என்று வந்தால்

அங்கொன்றும் இங்கொன்றுமாக வராமல், சீரான இடைவெளியில் 'டிக்' வந்தால் காரணம் வேறு. ஒவ்வொரு ஆடியோ கருவிக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. உள்ளே வருவது யூஎஸ்பி மைக், வெளியே போவது லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டை என்று வைத்தால் இரண்டு கடிகாரம். இரண்டும் 48,000 என்றுதான் சொல்லும், ஆனால் அச்சு அசலாக ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வித்தியாசம் என்றால்கூட, சுமார் இரண்டு விநாடிக்கு ஒரு சாம்பிள் முன்பின்னாகும். அதைச் சரிக்கட்டும் ஏற்பாடு மென்பொருளிலோ டிரைவரிலோ இல்லாவிட்டால் அது 'டிக்'காகக் கேட்கும். மைக்கும் ஹெட்போனும் ஒரே கருவியில் இருப்பதே இதற்குச் சரியான தீர்வு. பல யூஎஸ்பி மைக்குகளின் அடியிலேயே ஹெட்போன் ஓட்டை இருக்கும். அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

சாம்பிள் ரேட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். மென்பொருளில் 44,100, விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் 48,000 என்று இருந்தால் நடுவில் யாராவது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 96,000-ல் பதிவு செய்தால் தரம் இரண்டு மடங்காகிவிடும் என்று நம்புபவர்களும் உண்டு. வேலைதான் இரண்டு மடங்காகும். குரலுக்கும் வீணைக்கும் 24 பிட், 48,000 தாராளம்.

புளூடூத் ஹெட்போனைப் பதிவின்போது ஒதுக்கி வைத்துவிடுங்கள். தாமதம் பஃபர் கணக்கையெல்லாம் தாண்டியது. அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் போன் பேசும் தரத்துக்கு இறங்கிவிடும்.

சுருதியை விழுங்கும் லேப்டாப்

கர்நாடக இசை பதிவு செய்பவர்களைத் தனியாகப் படுத்தும் கோளாறு ஒன்று இருக்கிறது. குரல் நன்றாகப் பதிவாகும். பின்னால் ஓடும் தம்புரா மட்டும் வரும், மறையும், மறுபடி வரும். நீண்ட கார்வை பிடிக்கும்போது குரலே மெலிந்து காணாமல் போகும். இதைப் பலர் டிராப் அவுட் என்று நினைத்துப் பஃபரை ஏற்றி இறக்கி அலுத்துப்போவார்கள்.

உண்மையில் லேப்டாப் 'உதவி' செய்கிறது. மீட்டிங்கில் பேசுவதற்காக உள் மைக்குகளில் இரைச்சல் நீக்கும் வசதியை வைத்திருக்கிறார்கள். மாறாமல் தொடர்ந்து வரும் சத்தம் எதுவாக இருந்தாலும் அது ஃபேன், ஏசி போன்ற இரைச்சல் என்று முடிவு செய்து அழித்துவிடும். தம்புராவின் வேலையே மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதுதான். அந்த மென்பொருளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் மைக்கின் பண்புகளுக்குள் போய் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை ஆஃப் செய்யுங்கள். லேப்டாப் நிறுவனம் தானாகப் போட்டுத்தரும் ஆடியோ செயலிகளிலும் இரைச்சல் நீக்கும் வசதி தனியாக இருக்கலாம், அதையும் பாருங்கள். ஜூம் வழியாகப் பாட்டு வகுப்பு நடத்துபவர்களுக்கு இதே காரணத்துக்காகத்தான் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற தேர்வு கொடுக்கப்பட்டிருக்கிறது.

மேக் என்றால் பிரச்னையே வராதா?

வராது என்று அடித்துச் சொல்பவர்களுக்கு 2018 மாடல்களின் கதையை நினைவுபடுத்தலாம். அந்த ஆண்டு வந்த மேக்புக் ப்ரோ, மேக்புக் ஏர், மேக் மினி மூன்றிலும் 'டி2' என்ற பாதுகாப்பு சிப் இருந்தது. விலை உயர்ந்த மெஷினில் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் வைத்துப் பதிவு செய்தவர்களுக்கு அவ்வப்போது சத்தம் அறுந்தது. லேப்டாப் தன் கடிகாரத்தை இணையத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும் நேரத்தில் இது நடப்பதைப் பயனர்கள் கவனித்தார்கள். தேதி, நேரத்தைத் தானாக அமைக்கும் வசதியை அணைத்து வைத்துத்தான் பலர் சமாளித்தார்கள். 2019 மார்ச்சில் வந்த மேக் ஓஎஸ் 10.14.4 அப்டேட்டில், இந்த மாடல்களில் யூஎஸ்பி ஆடியோ கருவிகளின் நம்பகத்தன்மை மேம்படுத்தப்பட்டதாக ஆப்பிள் அறிவித்தது. அந்த மாடலை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் ஓஎஸ் எந்த எண்ணில் இருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஹார்ட் டிஸ்க்கைக் குறை சொல்வது இப்போது பெரும்பாலும் பொருந்தாது. 24 பிட், 48,000-ல் ஒரு மோனோ டிராக் விநாடிக்கு எழுதுவது 144 கிலோபைட்தான். எட்டு டிராக் ஒரே நேரத்தில் ஓடினாலும் 1.2 எம்பியைத் தாண்டாது. ஆனால் பதிவு ஃபோல்டர் ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ இருந்து, எழுத எழுத அது மேலே ஏற்றிக்கொண்டே இருந்தால் தொல்லைதான். மலிவான பென் டிரைவில் நேரடியாகப் பதிவு செய்வதும் வேண்டாம். டிஸ்க் நிறைந்து வழிகிறதா என்று பார்க்கச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் பாருங்கள்.

ஏற்கெனவே அறுந்த பதிவைக் காப்பாற்ற முடியுமா?

ஓட்டை எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தது. ஆடாசிட்டியில் 'ரிப்பேர்' என்ற எஃபெக்ட் 128 சாம்பிள் வரை உள்ள சேதத்தை, இரண்டு பக்கத்து அலையையும் பார்த்து ஒட்டுப்போடும். 44,100-ல் அது 3 மில்லி விநாடிக்கும் குறைவு. ஒரு 'டிக்' என்றால் போதும். 512 சாம்பிள் மொத்தமாகப் போயிருந்தால் போனது போனதுதான். அதே வரியை வேறு இடத்தில் பாடியிருந்தால் அங்கிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்து, சேரும் இரண்டு முனைகளிலும் 'கிராஸ் ஃபேட்' கொடுக்கலாம். பாடியவர் கிடைக்கக்கூடியவர் என்றால் அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பாடவைத்து நடுவில் பொருத்துவது சுலபம்.

கவனிக்காமல் விடுவது இன்னொன்று. சில மென்பொருள்கள் தொலைந்த இடத்தை வெறுமையாக விடாமல், அடுத்து வந்ததை முன்னால் இழுத்து ஒட்டிவிடும். அப்போது அந்த இடத்துக்குப் பிறகு குரல் முழுவதும் தாளத்துக்குக் கொஞ்சம் முந்திப் போகும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால், பாடகர் அவசரப்படுகிறார் என்று பழி விழும். பதிவின் கடைசியில் குரலும் கரோக்கி டிராக்கும் சேர்ந்து முடிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அறுந்த இடத்தில் வெட்டி, பின்பகுதியைத் தள்ளி வைக்க வேண்டும்.

முக்கியமான பதிவுக்கு முந்தைய நாள்

திரும்பக் கிடைக்காத பதிவு என்றால், முதல் நாளே ஒத்திகை பார்ப்பது அவசியம். மைக் முன்னால் மொபைலில் தம்புரா ஆப்பை ஓடவிட்டு, மறுநாள் எவ்வளவு நேரம் பதிவு செய்யப் போகிறீர்களோ அவ்வளவு நேரம் முழுக்கப் பதிவு செய்யுங்கள். ஐந்து நிமிட டெஸ்ட் பிரயோசனம் இல்லை, லேப்டாப் சூடாகவே ஆகியிருக்காது. தம்புரா இடைவிடாமல் ஒலிப்பதால் எங்கே அறுந்தாலும் அலை வடிவத்திலும் காதிலும் உடனே மாட்டும். தம்புரா மங்கி மங்கி வந்தால் இரைச்சல் நீக்கும் வசதி இன்னும் அணையவில்லை என்று அர்த்தம். அறுந்தால் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து மறுபடி பாருங்கள். பஃபர், கேபிள், வைஃபை மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போய்விடும், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

ஒத்திகையில் சரியாக வந்த பிறகு லேப்டாப்பில் எதையும் மாற்றாதீர்கள். விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைக்கலாம், செட்டிங்கிலேயே அதற்கு வழி இருக்கிறது. பாட்டி பாடும் நாளில், மைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மொபைலையும் ஏரோபிளேன் மோடில் போட்டு அதன் ரெக்கார்டரை ஓடவிடுங்கள். அதன் தரம் குறைவாக இருக்கலாம். ஆனால் லேப்டாப்பில் ஒரு சொல் விழுந்துபோனால் அந்தச் சொல் மொபைலில் இருக்கும். இரண்டும் ஓட ஆரம்பித்ததும் பாட்டி பாடத் தொடங்கும் முன் ஒருமுறை பலமாகக் கை தட்டிவிடுங்கள். இரண்டு அலையிலும் அந்தத் தட்டல் கூராக நிற்கும், பின்னால் இரண்டையும் நேராக்கி வைக்க அந்த ஒரு புள்ளி போதும்.